கழுத்தில் தடவிய முப்பத்தெட்டு நாட்கள்

2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை, காலை 10.40. வானம் மூட்டம். காற்று இல்லை. முந்தின இரவு பெய்த மழை நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் நான்கு இடங்களில் தேங்கியிருந்தது. அப்போதுதான் தபால்காரர் என் மனைவி தனபாக்கியத்தின் பெயருக்கு ஓர் அஞ்சலட்டை கொடுத்துவிட்டுப் போனார்.

நேரத்தை இப்படிச் சொல்வது என் பழக்கம். முப்பத்திரண்டு வருடம் ஒரு நூற்பாலையில் டைம் கீப்பராக (தொழிலாளர்கள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பதிவேட்டில் குறிப்பவர்) இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். நேரம், வானிலை, நடந்தது என மூன்று பத்தி. இப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. பதினாறாவது நோட்டு நடக்கிறது.

மனைவிக்கு நோய் என்று கேள்விப்பட்டு, மருத்துவமனைப் பெண்கள் பிரிவின் வெளி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் கணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்மிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. கேட்காததால் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டையில் மூன்றே வரி, ஆங்கிலத்தில், பேனாவால் எழுதியிருந்தது. ‘செர்விகல் ஸ்மியர். ரிப்பீட். திங்கள், வியாழன், காலை 8 முதல் 11.’ கீழே ஒரு முத்திரை. மை சரியாகப் படியவில்லை.

செர்விகல் எனக்குப் புதிய சொல் அல்ல. ஐந்து வருடமாக எனக்கே செர்விகல். கழுத்தெலும்புத் தேய்மானத்துக்கு டாக்டர் சீட்டில் அந்தச் சொல்லைத்தான் எழுதினார். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போனால், என்னோடு உட்காரும் ஆறு பேரில் நான்கு பேருக்குச் செர்விகல். ஸ்மியர் என்றால் தடவுவது. ரிப்பீட் என்றால் திரும்பச் செய்வது. எனக்கு அட்டையில் ஒரு குழப்பமும் தெரியவில்லை. கழுத்தில் தடவ வேண்டும், திரும்பத் திரும்பத் தடவ வேண்டும், திங்களும் வியாழனும், எட்டு மணியிலிருந்து பதினொரு மணிக்குள்.

“பாக்கியம், நீ எங்கியாவது டாக்டரைப் பாத்தியா?”

அவள் அடுப்பங்கரையில் இருந்தாள். “பள்ளிக்கூடத்துல பொம்பளைங்களுக்கு முகாம் போட்டாங்க. ஜுபேதா கூப்டுச்சு, போனேன்.”

ஜுபேதா எங்கள் பக்கத்து வீடு. வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். என் மனைவிக்குத் தங்கை மாதிரி.

“எதுக்குப் போனே?”

“எல்லாத்துக்கும்தான். பிரஷர் பாத்தாங்க, சர்க்கரை பாத்தாங்க, கழுத்தை அமுக்கிப் பாத்தாங்க. இன்னா போட்டிருக்கு அதுல?”

“கழுத்துதான். தைலம் தடவணுமாம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அவள் மூச்சை இழுத்து விட்டது கூடம் வரைக்கும் கேட்டது. அதை அன்று நான் நோட்டில் எழுதவில்லை. எழுத ஒரு பத்தி இல்லை.

அன்று மாலையே என் தைலத்தை எடுத்து அவள் கழுத்தில் தடவினேன். வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்று அட்டையில் இருந்ததை நான் ஏற்கவில்லை. தினமும் காலை, மாலை என்று கூட்டிக்கொண்டேன். எதையும் குறைவாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடத்தில் அவள் பிடரியை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. முடிக்கற்றைக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. ஒரு தடவை அழுத்தித் தேய்த்துவிட்டேன். “மில்லு மிஷினா இது? கழுத்துங்க. மெள்ள” என்றாள். இன்னொரு நாள் தானாகச் சிரித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல, எங்கம்மா பாத்திருந்தா மயக்கம் போட்டு விழுந்திருக்கும்” என்றாள்.

இந்த நாட்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். கொல்லைக் கொடியில் வழக்கமாக ஒன்பது துணி காயும். சில நாட்களில் பதினொன்று இருந்தது. புடவை மடிப்புக்கு உள்ளே, வெயில் படாத இடத்தில், பழைய வேட்டித் துண்டு இரண்டு. எண்ணினேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 14, வியாழக்கிழமை, காலை 7.50. நல்ல வெயில். வாசல் படியில் அவளை உட்கார வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் கையில் குடையும் ஃபைலுமாக வந்து நின்றார்.

“தனபாக்கியம் அம்மா வீடு இதுதானே? கார்டு போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஏன் வரலை?”

நான்தான் பதில் சொன்னேன். “வர வேண்டிய அவசியம் இல்லம்மா. நீங்க எழுதினதை வீட்டுலயே செய்யறோம். நீங்க வாரத்துக்கு ரெண்டு நாள் போட்டிருந்தீங்க. நான் தினம் ரெண்டு வேளை பண்றேன். இது எழுபத்தாறாவது தடவை.”

“எது?”

“ஸ்மியர்.”

“எங்க ஐயா?”

“கழுத்துலதான்.”

நர்ஸ் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு நினைவிருக்காது. சிரிக்கவில்லை.

“ஏம்மா, நீங்க சொல்லலியா, எங்கேர்ந்து எடுத்தோம்னு?”

“அவருகிட்ட எப்டி சொல்றது அதை” என்று என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஸ்மியர் என்பது ஒரு சோதனையின் பெயர் (கர்ப்பப்பையின் வாயிலிருந்து ஒரு சிறு குச்சியால் மேலாக வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்ப்பது). வலி பெரிதாக இல்லை, நான்கு நிமிடம் ஆனது என்று ஜுபேதா பிறகு சொன்னார். தகட்டில் சந்தேகமாக ஏதோ தெரிந்ததால் மறுபடி எடுக்க வரச் சொல்லி அட்டை போட்டிருக்கிறார்கள். திங்களும் வியாழனும் மருத்துவமனையில் பெண்கள் பிரிவு நடக்கும் நாட்கள்.

நர்ஸ் கிளம்பும்போது அன்றைக்கே வரச் சொன்னார். அவளும் தலையாட்டினாள். கதவைச் சாத்திவிட்டு, கொடியில் எண்ணிய அந்த இரண்டு துண்டைப் பற்றி நான் கேட்டேன். மாதவிடாய் நின்று பதினோரு வருடம் ஆகியிருந்தது. சித்திரையிலிருந்து மறுபடி கறை படுகிறது. தெரிந்தது ஜுபேதாவுக்கு மட்டும்.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நோட்டுல எழுதுவீங்க. அதெல்லாமா நோட்டுல எழுதுவாங்க?”

“கார்டு வந்த அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே.”

“கழுத்துதான்னு நீங்கதானே சொன்னீங்க. அப்ப அங்க ஒண்ணுமில்ல போலன்னு நிம்மதியாயிட்டேன்.”

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தாள்.

அன்று காலை 9.20க்கு மருத்துவமனையில் இருந்தோம். பெண்கள் பிரிவுக்கு வெளியே ஆண்கள் உட்கார இரண்டு பெஞ்சு. என்னைச் சேர்த்துப் பதினான்கு பேர். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. பதின்மூன்று பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவன் நான், அவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். பாக்கியத்தைப் பரிசோதித்த பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார். ஒரு தாளில் கவிழ்த்து வைத்த குடுவை போல் ஒரு படம் போட்டார்.

“இது கர்ப்பப்பை. குடுவைக்குக் கழுத்து இருக்கும்ல, அது மாதிரி இதுக்கும் ஒண்ணு இருக்கு. இங்கதான் அம்மாவுக்குப் பிரச்சினை. செர்விகல்னா கழுத்துன்னு நீங்க நினைச்சது தப்பில்ல ஐயா. அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். எந்தக் கழுத்துங்கறதுதான் மாறிப் போச்சு. தமிழ்ல இதை நாம வாய்னு சொல்றோம்.”

என் வாயிலிருந்து “கோல்” என்று வந்துவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை. நான் பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்து ப்ரெவே (பிரெஞ்சுப் பள்ளித் தேர்வு) தேறியவன். பாட்டிலின் கழுத்துக்கும் சட்டையின் காலருக்கும் அவர்கள் மொழியில் கோல் என்பது ஒரே சொல். கர்ப்பப்பையின் கழுத்துக்கும் அதே சொல்தான் என்று அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. மூன்று மொழி படித்தேன் என்று சொல்லிக்கொள்பவன், தன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“டாக்டர், முப்பத்தெட்டு நாள் போயிடுச்சு. அதுக்குள்ள பரவியிருக்குமா?”

“இந்த நோய் மெதுவாத்தான் வளரும். முப்பத்தெட்டு நாள்ல எல்லாம் தலைகீழா ஆயிடாது. ஆனா ஒண்ணுமே ஆவலைன்னும் நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. முப்பத்தொன்பதாவது நாள் வேணாம், அவ்ளோதான்.”

அந்தக் கேள்வியை அடுத்த இரண்டு வாரத்தில் அவரிடம் ஐந்து தடவை கேட்டேன். ஐந்து தடவையும் அதையே சொன்னார். கோபப்படவில்லை.

கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவிச் சோதனை) செய்தார்கள். பயாப்சி (சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய்தான். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். நோய் வாயைத் தாண்டிப் போகவில்லை என்றார் டாக்டர். நான் பெஞ்சில் வந்து உட்கார்ந்து கழுத்துப் பட்டையைக் கழற்றினேன்.

அவளுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்ததால் அறுவை சிகிச்சையைவிடக் கதிர்வீச்சே நல்லது என்று முடிவு செய்தார்கள். வெளியிலிருந்து இருபத்தைந்து தடவை, வாரத்தில் ஐந்து நாள். கூடவே வாரம் ஒரு தடவை சொட்டு மருந்து (புற்றுநோய் மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது). அதன் பிறகு உள்கதிர்வீச்சு (கருவியைக் கர்ப்பப்பைக்கு அருகே வைத்துக் கொடுப்பது) மூன்று தடவை.

அக்டோபர் 9, திங்கட்கிழமை தொடங்கியது. முதல் நாள் அவள் வயிற்றில் ஊதா மையால் கோடுகள் போட்டார்கள். குளிக்கும்போது அழியக் கூடாது, எண்ணெயோ தைலமோ கிட்டே போகக் கூடாது என்றார்கள்.

“இவரு மில்லுல நூல் பேல் மூட்டைக்கு மார்க்கு போடுவாங்களே, அந்த மாதிரி போட்டுட்டாங்க. இனிமே லாரி வரணும், ஏத்தணும்” என்றாள் ஜுபேதாவிடம்.

“லாரி எதுக்குக்கா? அண்ணன் இருக்காரே, எழுபத்தாறு தடவை தேய்ச்சவரு. தூக்கிட்டே போயிடுவாரு” என்றார் ஜுபேதா. தெரு முழுவதும் அந்தக் கதையைப் பரப்பியது அவர்தான். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. பிறகு அந்தக் கதையைக் கேட்க வந்த பெண்களில் ஏழு பேரை அவர் சோதனைக்கு அழைத்துப் போனார் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

கதிர்வீச்சுக்கு முன் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து நாற்பது நிமிடம் அடக்கி வைத்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலில் கதிர் குறைவாகப் படுமாம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். “ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட டைம் கீப்பர் வச்சிருக்கேன், எந்த மகாராணிக்கு இது வாய்க்கும்” என்பாள். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்க வைக்காதே, அடக்க முடியவில்லை என்பார்கள்.

இரண்டாம் வாரத்துக்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. வயிற்றுப்போக்கு. ஒரு நாளில் ஆறு, எட்டு, பதினொன்று. சிறுநீர் போகும்போது எரிச்சல். சோறு கண்டால் குமட்டல். இதற்கெல்லாம் மருந்து உண்டு, ஆனால் சொன்னால்தான் கொடுப்பார்கள். அவள் சொல்ல மாட்டாள். டாக்டரிடம் நான் எண்ணிக்கையைச் சொன்னேன். எண்ணும் பழக்கம் அங்கேயாவது உதவியது.

பதினேழாவது நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சுவரோரம் படுத்துவிட்டாள்.

“போதுங்க. நாளைக்கி வரல.”

கஞ்சி காய்ச்சி உப்புப் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்.

“எத்தினி பாக்கி?”

எட்டு பாக்கி. “ஏழு” என்றேன்.

முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு தொழிலாளியின் கணக்கில் கால் மணி நேரம் மாற்றி எழுதியவன் இல்லை நான்.

மறுநாள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். நடுவில் ஒரு நாள் மழையால் போக முடியவில்லை. நான் சொன்ன கணக்குப்படி ஏழும் முடிந்த அன்று, வராந்தாவில் செருப்பை மாட்டிக்கொண்டே நான் தயங்கினேன். “இன்னும் ஒண்ணு இருக்கு” என்றேன்.

“தெரியும்.”

“எப்டி?”

“அஞ்சறைப் பெட்டில தினம் ஒரு மிளகு போட்டுக்கினு வரேன். நீங்க மட்டுந்தான் எண்ணுவீங்களா?”

இருபத்தைந்தும் முடிந்தது. உள்கதிர்வீச்சு மூன்றும் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் வெளியே அதே பெஞ்சில் இருந்தேன். இப்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசத் தொடங்கியிருந்தேன். உங்கள் வீட்டில் என்ன, எத்தனையாவது நாள், உங்களிடம் எப்போது சொன்னார்கள் என்று கேட்டேன். முதலில் முறைப்பார்கள். பிறகு எல்லோரும் கடைசிக் கேள்விக்கு ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஜனவரியில் டாக்டர் எங்கள் மகளைப் பற்றிக் கேட்டார். விஜயாவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சோப்பு பேக்கிங்கில் இருக்கிறாள். இந்த நோய் அம்மாவிடமிருந்து பெண்ணுக்கு அப்படியே வந்துவிடாது, ஆனாலும் அந்த வயதில் எல்லாப் பெண்களும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார். வீட்டில் சொன்னதற்கு அவள், “லீவு போட்டா போனஸ் போயிடும்பா. எனக்கு ஒண்ணுமில்ல” என்றாள். ஒன்றுமில்லாதபோதுதான் இந்தச் சோதனை என்பது அவளுக்குத் தெரியாது. நான்கு மாதத்துக்கு முன் எனக்கும் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை காலை 8.10க்கு அவள் வேலை செய்யும் இடத்தின் கேட்டுக்குப் போனேன். டைம் ஆபீசில் ஒரு சிறுவயதுக்காரர் இருந்தார். நானும் இந்த வேலைதான் பார்த்தேன் என்றதும் நாற்காலி போட்டார். அரை நாள் பர்மிஷன் சீட்டை எடுத்தார்.

“காரணம் சொந்த வேலைன்னு போட்டுடட்டுமா சார்?”

நானும் அப்படித்தான் போடுவேன். நூல் சுற்றும் பிரிவில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். அவர்களில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மேசை முன் வந்து நின்றால், தலையை நிமிர்த்தாமல் ‘சொ.கா.’ என்று எழுதுவேன். சொந்தக் காரணம். எத்தனை சொ.கா. எழுதியிருப்பேன் என்ற கணக்கு மட்டும் என்னிடம் இல்லை.

“வேணாம் தம்பி. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைன்னு எழுதுங்க.”

பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினார். “ஐயோ, அப்பா” என்று விஜயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். அவள் சோதனை முடிவு நல்லபடியாக வந்தது. அடுத்த மாதம் விஜயாவின் பிரிவிலிருந்து நான்கு பெண்கள், அதே காரணத்தைத் தாங்களே சொல்லிச் சீட்டு வாங்கிப் போனார்களாம்.

இப்போது 2009. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போனோம், இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. இதுவரை நோய் திரும்பவில்லை. அவள் தொப்புளுக்குக் கீழே தோல் கறுத்துத் தடித்துவிட்டது. வெளியூர் போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று நான் பார்த்து வைக்கிறேன். முன்பு எனக்கு நேரம் என்றால் மில் சங்கு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எட்டு மணி நேரம். இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரைதான் காலம். அதற்குள் இருப்பதை எண்ணாமல் விடவும் கொஞ்சம் பழகியிருக்கிறேன். நோட்டில் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுவது. “எழுதிக்கோங்க, இன்னிக்கி முட்டி மட்டும் வலிக்குது” என்பாள். சில நாள் வேறு விஷயங்களும் சொல்வாள். அவையும் எழுதப்பட்டிருக்கின்றன.

சிகிச்சை முடிந்த மாதம் ஒரு மாலை, நான் என் கழுத்துக்குத் தைலம் எடுத்தேன். அவள் வந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“இன்னா பாக்கியம்?”

“ரிப்பீட்டுன்னு போட்டிருந்துச்சே. யாரு நிறுத்தச் சொன்னாங்க?”

எழுபத்தேழாவது தடவை. மச்சம் அதே இடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எண்ணவில்லை.

எவ்வளவு செலவாயிற்று என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் ஆண்கள். நோட்டில் உள்ளதைப் படித்துக் காட்டுகிறேன். 2006 ஆகஸ்ட் 7 முதல் செப்டம்பர் 14 வரை. முப்பத்தெட்டு நாள். தைலம் மூன்று சீசா.